கப்பல் பட்டியலில் ஓர் ஊர்ப்பெயர்

வாக்காளர் பட்டியல் வேலை என்றால் ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். சந்திரகலா டீச்சருக்கு அது பதினோரு வருஷமாக வந்துகொண்டே இருந்தது. மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர் என்பதால் ஒவ்வொரு தடவையும் அவர் தலையில்தான் விழும். வேங்கிக்காலில் தெருத் தெருவாக நடந்து, 'பரசுராமன்' என்ற ஆள் 'பாசுரமன்' ஆகிவிட்டதையும், தெருப்பெயர் நசுங்கிப்போனதையும் உட்கார்ந்து திருத்துவார். மற்ற நாட்களில் செங்கம் ரோட்டுப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் பாடம்.

நாற்பத்து மூன்று வயது. தமிழ் வழியில் படித்து, மூன்றாவது முயற்சியில் ஆசிரியர் தேர்வில் தேறியவர். ஆங்கிலத்தில் கனமான புத்தகத்தைக்கூடப் படித்துவிடுவார். பேச வாயெடுத்தால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

போன வருஷம் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் பல நாட்டு வரலாற்று ஆசிரியர்களுக்கு ஆன்லைன் கருத்தரங்கு அறிவித்தது. நிறப் பிரிவினையும் குடியுரிமையும் என்பது தலைப்பு. ஆறு சனிக்கிழமைகள், நம் நேரம் மாலை ஐந்தரை மணி. டீச்சர் பெயர் கொடுத்ததும் தலைமை ஆசிரியர் பலராமன் சிரித்தார்.

"அவங்க பேசறதே நமக்குப் புரியாது டீச்சர். அங்க போய் இன்னா பண்ணப் போறீங்க?"

"கேட்டுக்கினு இருக்கேன் சார்."

சொன்னபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கேமராவை அணைத்துவிட்டு நோட்டு நோட்டாக எழுதினார். தனி ரயில் பெட்டி, தனிப் பள்ளிக்கூடம், தனிக் குடியிருப்பு. பிறந்த மண்ணிலேயே அனுமதிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடந்த மனிதர்கள். மூன்றாவது வாரம் துணிந்து ஒரு கேள்வி கேட்டார். "மறுபடி சொல்ல முடியுமா?" என்று அங்கிருந்து இரண்டு முறை கேட்டார்கள். 'மன்னிக்கவும்' என்று தட்டச்சு செய்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

ஐந்தாவது சனிக்கிழமை பேராசிரியர் ஒரு பழைய கப்பல் பட்டியலைத் திரையில் காட்டினார். கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக மதராஸிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்டவர்களின் விவரம். டர்பன் ஆசிரியை தேவிகா மூட்லி ஒரு வரியைச் சுட்டிப் பேசினார்.

"இது என் அம்மாவோட பாட்டி. பேர் குன்னியம்மா, வயசு இருபது. ஊர் வங்கிகால், தாலுக்கா திரினோமல், ஜில்லா தென்னாற்காடு. ரெண்டு தடவை இந்தியா வந்து கடலூர், விழுப்புரம் பக்கமெல்லாம் தேடினோம். அப்படி ஒரு ஊரே இல்லைன்னுட்டாங்க."

"எழுத்தர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள். இப்படி எத்தனையோ ஊர்கள் தொலைந்துவிட்டன" என்றார் பேராசிரியர்.

சந்திரகலா அந்த எழுத்துகளை வாய்விட்டுப் படித்தார். மறுபடி படித்தார். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இன்னாச்சு?" என்றார் டீ குடித்துக்கொண்டிருந்த கணவர் கோபி.

"நம்ம வேங்கிக்கால்ங்க இது! திரினோமல்னா திருவண்ணாமலை!"

"அப்ப சொல்லேன். மைக்கைப் போடு."

"தப்பாப் பேசிட்டா?"

"ஊர்ப் பேரைச் சொல்றதுக்கு இங்கிலீஷ் எதுக்கு?"

டீச்சர் மைக்கைப் போட்டார். கேமராவையும் போட்டார். "மேடம், அது என் ஊர்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். திருவண்ணாமலை தாலுக்கா 1911 வரை தென்னாற்காட்டில்தான் இருந்தது, பிறகுதான் வடாற்காட்டுக்கு மாறியது, அதனால்தான் நீங்கள் வேறு பக்கம் தேடினீர்கள் என்று விளக்கினார். வாக்காளர் பட்டியலின் முதல் பக்கத்தைத் திரைக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். "வேங்கிக்கால். இப்போ கலெக்டர் ஆபீஸ் இருக்கிற இடம். குன்னியம்மா கன்னியம்மாளா இருக்கணும். இந்த மாதிரிப் பிழைங்களைத் திருத்தறதுதான் என் வேலை."

யாரும் மறுபடி சொல்லச் சொல்லவில்லை. தேவிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேங்கிக்கால்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். அடுத்த நிமிஷமே மொரீஷியஸ் ஆசிரியர் ஒருவர், "எங்கள் பட்டியலையும் பார்ப்பீர்களா?" என்றார்.

கடைசி வாரத்தில் ஒரு மணி நேரம் முழுக்க அவருக்கே கொடுத்தார்கள். மற்ற ஆசிரியர்கள் அனுப்பிய இருபத்து மூன்று ஊர்ப்பெயர்களில் பத்தொன்பதைப் படித்துக் காட்டினார். மிச்சம் நாலுக்கு, "தெரியவில்லை" என்றார்.

ஜனவரியில் தேவிகா தன் அம்மாவோடு வந்தார். வேங்கிக்காலில் சொந்தக்காரர் யாரும் கிடைக்கவில்லை. அதற்காக அந்த அம்மா வருத்தப்படவில்லை. பஸ் நிறுத்தத்துப் பெயர்ப் பலகையை எழுத்தெழுத்தாகச் சொல்லித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் பள்ளிக்கு வந்தார்கள். தலைமை ஆசிரியர் மாலை போட்டு வரவேற்று, "எங்க டீச்சர் கண்டுபிடிச்சது" என்றார். ஒன்பதாம் வகுப்பில் மெஹ்ஜபீன் என்ற மாணவி எழுந்து, தேவிகாவின் அம்மாவிடம், "முதல் தடவை ஓட்டுப் போட்டப்ப எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"1994. நிறப் பிரிவினை போன பிறகு வந்த முதல் தேர்தல். எல்லா நிறத்து ஆளுங்களோடயும் ஒரே வரிசையில நின்னேன். வெயில் ஜாஸ்தி. ஒருத்தரும் வரிசையை விட்டுப் போகல" என்றார் அந்த அம்மா.

அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழிலும், பிள்ளைகள் தமிழில் கேட்டதை ஆங்கிலத்திலுமாக ஒன்றரை மணி நேரம் இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார் சந்திரகலா. இலக்கணம் அங்கங்கே உடைந்தது. அதை அவர் கவனிக்கக்கூட இல்லை.