டீமேக்கரின் நாக்கும் என் இஞ்சின் எண்ணெயும்

இலங்கை மலைநாட்டில், கந்தப்பளைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலைப் பெக்டரியின் இஞ்சினை ஓட்டுகிற வேலை எனக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அது சின்ன உத்தியோகம் இல்லை. தோட்டத்தை நடத்துகிற துரைக்கு அடுத்தபடியாக உறுமுகிற உரிமை இஞ்சினுக்குத்தான் இருந்தது. அதை உறும வைப்பவன் நான். அந்தக் கர்வத்தில் காலந்தள்ளிக்கொண்டிருந்தேன், ஒரு வியாழக்கிழமை டீமேக்கர் எண்ணெய் அளவுக் கம்பியை உருவிப் பார்க்கும் வரை.

டீமேக்கர் என்றால், கொழுந்து அரைப்பதிலிருந்து பெட்டி கட்டுவது வரை பெக்டரிக்குள் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. கம்பியில் ஒட்டி வந்த எண்ணெய் கறுப்பாக இல்லை. பால் கூடிப்போன தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அதுவும் போதாதென்று, நாளுக்கு நாள் குறைய வேண்டிய எண்ணெய் இரண்டு விரற்கடை ஏறியிருந்தது.

"எண்ணெய பஸார்ல லொறிக்காரனுக்கு வித்துப்புட்டு, அளவு காட்ட பைப்புத் தண்ணிய ஊத்தி வச்சிருக்க. அப்படித்தானே?"

"இல்லீங்கய்யா. சிலிண்டர்ல எங்கயோ கீறல் விட்டிருக்கு. சூடு தணிக்க ஓடுற தண்ணி உள்ளுக்குள்ள கசிஞ்சு எண்ணெயில கலக்குதுங்க."

"இரும்பு சும்மா கீறல் விடுமா?"

சும்மா விடாது. எப்படி விட்டது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். முந்தின வாரம், ஓடையிலிருந்து தண்ணீர் வரும் குழாயை இலை அடைத்து, தொட்டி வற்றி, இஞ்சின் கொதித்துவிட்டது. நிறுத்தி ஆறவிடவேண்டும் என்றேன். அரைபட்ட கொழுந்து அதுவரை காத்திருக்காது, புளித்துப்போகும் என்று அவர் குதித்தார். "ஊத்துய்யா தண்ணிய!" ஊற்றினேன். காலையில் முகம் கழுவவே அஞ்ச வைக்கிற ஓடைத் தண்ணீர் அது. இஞ்சினுக்குள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். அவருக்கும் கேட்டது. அன்றைய தேயிலை மட்டும் அருமையாக வந்தது.

விஷயம் துரை வரைக்கும் போய்விட்டது. திருட்டு என்று எழுதி, வேலையிலிருந்து நிறுத்துகிற பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால், குடியிருக்கிற லயத்துக் காம்பிராவை அன்றைக்கே காலிபண்ணவேண்டும். உடப்புசல்லாவை வரை நடந்தாலும் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு எந்தத் தோட்டமும் சேர்க்காது. இஞ்சினைக் கழற்றிக் கீறலைக் காட்டலாம்தான். கொழுந்து குவிகிற காலத்தில் ஒரு இஞ்சின்காரனின் மானத்துக்காக யார் பெக்டரியை நிறுத்துவார்கள்?

பயத்தில் புத்தி கொஞ்சம் வேலை செய்தது. இஞ்சினைச் சுற்றி ஓடுகிற தண்ணீர்த் தொட்டியில் உப்பைக் கரைக்கத் துரையிடம் உத்தரவு கேட்டேன். எண்ணெய்க்கு அடியில் உப்புத் தண்ணீர் நின்றால் அது தொட்டியிலிருந்து கசிந்தது. நல்ல தண்ணீர் நின்றால் நான் ஊற்றியது. இரும்புக்கு உப்பு ஆகாது, எனக்கும் தெரியும். எனக்குப் பற்றுச்சீட்டும் ஆகாது.

அரை மூட்டை கல்லுப்பு கேட்டதும் பஸார் கடை முதலாளி, "என்ன, தோட்டத்துல கருவாடு போடப்போறீங்களா?" என்றார்.

சனிக்கிழமை துரையின் முன்னால் பழைய எண்ணெயை வடித்துப் புதிதாக ஊற்றினோம். எண்ணெய் மூடியைக் கம்பியால் கட்டி, டீமேக்கரே அரக்கு முத்திரை வைத்தார். பிறகு தொட்டியில் உப்பு. ஞாயிறு மத்தியானம் வரை இஞ்சின் ஓடியது. அதற்குமேல் கொழுந்து இல்லை, ஓய்வு. தண்ணீர் அடியில் தங்க அது போதும்.

திங்கள் காலை பெக்டரி ஆட்கள் கூடி நிற்க, துரை முத்திரையைப் பார்த்து, சரி என்றார். எண்ணெய் வடிக்கிற அடியாணியைத் திருகினேன். எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர் வந்தது, ஒரு கோப்பை அளவுக்கு. ருசி பார்ப்பது யார்? நான் பார்த்தால் செல்லாது. துரை வாய் வைப்பாரா? அந்தத் தோட்டத்தில் சத்தியத்துக்குச் சமமான நாக்கு ஒன்றுதான். தினமும் காலையில் இருபது கோப்பைத் தேயிலைச் சாயத்தைக் கரண்டியால் உறிஞ்சித் துப்பித் தரம் பிரிக்கிற நாக்கு. என்னைத் திருடன் என்று சொன்ன நாக்கும் அதுவேதான்.

டீமேக்கர் கரண்டியில் எடுத்தார். வழக்கம் மாறாமல் சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்பினார். மீசையில் எண்ணெய். அவர் இல்லையென்று ஒரு சொல் சொன்னால் என் கதை முடிந்தது.

"கரிக்குதுங்க தொரை," என்றார், முகத்தைச் சுளித்துக்கொண்டு. "உப்புத்தான்."

துரை அத்தோடு விடவில்லை. அவருக்கும் இஞ்சின் தெரியும்.

"கொதிக்கிற இஞ்சின்ல பச்சைத் தண்ணி யார் ஊத்தினது?"

டீமேக்கர் கையிலிருந்த கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். உப்பில்லை என்று பொய் சொல்லித் தப்பியிருக்கக்கூடிய மனிதர், சொல்லவில்லை. அவரை நான் எப்படிக் காட்டிக்கொடுப்பது?

"நான்தாங்க தொரை." அதுவும் உண்மைதானே.

"நீ கள்ளன் இல்லை. பெரிய மடையன்," என்று சொல்லிவிட்டு, புதிய சிலிண்டருக்குக் கடிதம் எழுதத் துரை போய்விட்டார்.

வேலை தப்பியது. மானம் தப்பியதா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, இத்தனை பேர் முன்னால் மடையன் என்று சொல்லிவிட்டாரே என்று மனைவியிடம் பொருமினேன். லயத்துப் பெண்கள் கூடுகிற பீலியில் தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தவள் நின்றாள்.

"திருடன் பொண்டாட்டின்னா பீலிகிட்டயே என்னைய அண்ட விடமாட்டாளுக. மடையன் பொண்டாட்டிக்கு என்ன வந்துச்சு? அங்க குடத்தோட நிக்கிறவ அத்தனை பேரும் அதுதானே."