பதினான்கு நாள் மாத்திரையில் ஆளுக்குப் பாதி

ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளிக்குக் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. இன்னும் எனக்குப் பிடிபடாத ஒன்று, இங்கே ராகிக் களியை மெல்லக் கூடாது என்பது. உருட்டி, குழம்பில் தோய்த்து, அப்படியே தொண்டைக்குள் இறக்கிவிட வேண்டும். சாத்தூர்ப் பக்கத்துப் பிள்ளையான நான் கூழைக்கூட நாலு கடி கடித்துத்தான் குடிப்பேன். பக்கத்து வீட்டு யசோதம்மா வீட்டுக்குள் கன்னடம், வாசலுக்கு வந்தால் தமிழ். நான் களி தின்கிற அழகைப் பார்த்து அவருக்குச் சிரிப்புத் தாங்காது. “இன்னாம்மா இது, மாடு மாதிரி அசை போட்றே? முழுங்கு! களி முழுங்கறவங்களுக்கு கேன்சரே வராது, தெரியும்ல?” என்றார் ஒருநாள். அவர் விளையாட்டாகச் சொன்னார். எனக்கு அன்று முழுக்கக் களி இறங்கவில்லை.

காரணம் இருக்கிறது. எங்களைப் பெற்ற அய்யா வயிற்றுப் புற்றுநோயில்தான் போனார். அவருக்கு முடியாமல் போனபோது எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள் நான். அதிலிருந்து எனக்கு ஏப்பம் ஒன்று கூடுதலாக வந்தாலே பயம். இப்போது சில மாதமாக வயிற்றில் எரிச்சல் வேறு. ஊரிலிருந்து என் அக்கா பேச்சியம்மா போனில் மருத்துவம் சொல்வாள். “ஏட்டி, வெறும் வயித்துல நாலு பல்லு பூண்டு தின்னு. மஞ்சத் தண்ணி குடி. முள்சீத்தாப் பழம் கிடைச்சா விடாத.” இங்கே யசோதம்மா முருங்கைக் கீரையும் கொள்ளு ரசமும் தருவார். நான் யாரையும் மறுக்கவில்லை. இரண்டு ஊர் வைத்தியமும் ஒரே வயிற்றுக்குள் போனது. எரிச்சல்தான் குறையவே இல்லை.

கடைசியில் என் வீட்டுக்காரர் மாடசாமி ஷிப்டை மாற்றிக்கொண்டு, ஓசூரில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். வாய் வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். கேன்சர் இல்லை, ஆனால் வயிற்றில் ஒரு கிருமி இருக்கிறது என்றார்கள். நம்மில் நிறையப் பேருக்கு அது இருக்குமாம். பல பேருக்கு ஒன்றும் செய்யாது, சில பேருக்குப் புண்ணாகும், கொஞ்சப் பேருக்கு வருஷக் கணக்கில் தங்கிப் புற்றுநோய்வரை போகுமாம். அய்யா கதையைச் சொன்னதும் டாக்டரம்மா இரண்டு வகை ஆன்டிபயாட்டிக்கும் ஒரு அசிடிட்டி மாத்திரையும் எழுதினார். பதினான்கு நாள், ஒருவேளைகூட விடக் கூடாது.

“இதைச் சாப்ட்டா கேன்சர் வராதுங்களா?”

“வர்ற வாய்ப்பு குறையும்மா. வரவே வராதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியாது.”

“அப்போ பூண்டு?”

“நல்லா சாப்பிடுங்க, குழம்பு மணக்கும். கிருமியைக் கொல்றதுக்கு மாத்திரைதான்.”

எழுந்து வரும்போது, இந்தக் கிருமி வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும் என்று ஒரு வார்த்தை சொன்னார். அதுதான் வினையாகிப்போனது. எங்கள் ஊரில் மெடிக்கலில் செட்டு மாத்திரை வாங்கினால் வீடே பிய்த்துச் சாப்பிடும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மிச்சம் இருக்கிற மாத்திரை அடுத்த வீட்டுக்குப் போகும். நானும் மாடசாமியும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள். எனக்கு இருந்தால் அவருக்கும் இருக்கத்தானே செய்யும்? கத்தரிக்கோலை எடுத்து அட்டைகளைச் சரிபாதியாக வெட்டினேன். ஆளுக்கு ஏழு நாள். அவர் வாய் கசக்குது என்று புலம்பிக்கொண்டே என் மேலுள்ள பிரியத்தில் விழுங்கினார். வீட்டையே காப்பாற்றிவிட்ட நிம்மதியில் நான் நன்றாகத் தூங்கினேன்.

மாத்திரை முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் கழித்து, கிருமி போயிற்றா என்று பார்க்கப் பைக்குள் ஊதும் பரிசோதனை. போகவில்லை. எல்லா மாத்திரையும் ஒழுங்காகச் சாப்பிட்டேனா என்று டாக்டரம்மா கேட்டதற்கு நான் உண்மையைச் சொன்னேன். அவர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். “பிரியாணியாம்மா, பங்கு போட? அரைகுறையா அடிச்சா கிருமி முழிச்சுக்கும். அடுத்த தடவை அதே மருந்து கேக்காமப் போயிடும்.” மாடசாமிக்கும் பரிசோதனை செய்தார்கள். அவருக்குக் கிருமி இல்லை. “உங்க பாதியில போச்சா, முன்னாடியே இல்லையான்னு இனி கடவுளுக்குத்தான் தெரியும்” என்று டாக்டரம்மா சொல்ல, இவர், “அப்ப நான் தின்னது கணக்குல வராதுங்களா?” என்று கேட்டார். நர்ஸ் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருந்த ஒரு வழியையும் நானே வெட்டிப் போட்டுவிட்டேனோ என்றே நினைத்தேன். இரண்டாம் முறை வேறு மாத்திரைகள், மறுபடி பதினான்கு நாள். வாயெல்லாம் இரும்பை நக்கியது போல் இருந்தது. ரோஜாப் பூ பேக்கிங்கில் நிற்கிறவள் நான். சாப்பாட்டு மணி அடித்தால் முதலில் மாத்திரை, அப்புறம்தான் டிபன் பாக்ஸ். ஆறாம் நாள் யசோதம்மா மருமகளுக்குத் தொண்டை வலி. “ரெண்டே ரெண்டு குடேன்” என்று கையை நீட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு இல்லை என்றேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மூன்றாம் நாள், “உன் மாத்திரை உனக்கு, என் கீரை நம்ம ரெண்டு பேருக்கும்” என்று கிண்ணத்தோடு வந்தார்.

திரும்பவும் மாதம் ஒன்று காத்திருந்து, திரும்பவும் ஊதினேன். கிருமி இல்லை என்று எழுதித் தந்தார்கள். மூன்று முறை மாடசாமியைப் படிக்கச் சொன்னேன். வீட்டு வாசலுக்கு வந்ததுமே அக்காவுக்குப் போன் போட்டேன். அதே அய்யாவின் பிள்ளைதானே அவளும். டாக்டரம்மா, கூடப் பிறந்தவர்களையும் பார்த்துவிடச் சொல்லியிருந்தார். “பூண்டு தின்னதாலதான் போச்சு” என்று ஆரம்பித்தவள், டாக்டரம்மா சொன்னதைச் சொன்னதும், “சரி, எனக்கும் அந்த ஊதுறதைப் பாரு. உங்க ஊருக்கே வாரேன்” என்றாள். ‘உங்க ஊர்’ என்றாள். நான் திருத்தவில்லை.

அந்த நேரம் யசோதம்மா வாசலுக்கு வந்து, இன்னா ஆச்சு என்று கையால் கேட்டார். எனக்கிருந்த சந்தோஷத்தில் பேச்சு ஆள் மாறிப்போனது. போனுக்குள், “ஆயிடுச்சும்மா, ஒண்ணும் இல்லியாம்” என்றேன். யசோதம்மா பக்கம் திரும்பி, “சரியாப் போச்சு தாயி, பயப்படாதீக” என்றேன். எதிரே அவர் வாயைப் பிளந்து நின்றார். போனில் அக்கா, “ஏட்டி, யாரு பேசுறது?” என்று கேட்டாள். நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், எந்த ஊர்ப் பேச்சில் சொல்வது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே நின்றேன்.