அடையாளம் தராதவர்கள்

பரந்தனில் பார்சல் சேவை நடத்தும் ரஜனி அக்காவுக்கு, வாடிக்கையாளர் விபரங்களைக் கணினியில் தேடும் வசதி செய்து கொடுத்திருக்கிறேன். எங்கள் பக்கம் இலக்கத்தைப் பார்த்து யாரும் வீடு பிடிப்பதில்லை. "கோயிலுக்குப் பின்பக்கம்" என்பது மாதிரி ஓர் அடையாளம் கேட்டு வாங்குவோம்.

இன்று, அடையாளம் தராதவர்களுக்குப் போன் எடுக்கலாமென்று, "தரவில்லை" என்று அடித்துத் தேடினேன். ஒரு பெயரும் வரவில்லை.

"பாத்தியே, எல்லாரும் தந்திட்டினம்!" என்று அக்கா சந்தோசத்தில் தேத்தண்ணிக்குச் சொல்லிவிட்டார்.

குடித்து முடிக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. விபரத்தில் எழுதியிருக்கும் சொற்கள் மட்டுமே தேடலுக்குத் தெரியும். வெறுமையாக விட்ட இடம் அதன் கண்ணில் படாது. வெறுமையான இடங்களில் எல்லாம் "தரவில்லை" என்று நிரப்பித் திரும்பத் தேடினேன்.

திரை நிறைய ஆட்கள். முதல் பெயர் அக்காவுடையது.

"எங்கட வீட்டை ஆருக்கடா தெரியாது?"

"எனக்குத் தெரியாதக்கா," என்றார், வவுனியாவிலிருந்து புதிதாக வந்திருக்கும் சாரதி. அக்கா வீட்டுப் பார்சல் அவர் கையில்தான் இருந்தது.

அக்கா கீபோர்ட்டை இழுத்து, தன் பெயருக்கு நேரே இருந்த "தரவில்லை"யை அழித்துத் தானே அடித்தார்: "எல்லாருக்கும் தெரிஞ்ச வீடு."

இப்போது தேடினால் அக்காவின் பெயர் வருவதில்லை. சாரதிதான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். வழியில் கண்டால் காட்டிவிடுங்கள், உங்களுக்கும் தெரிந்த வீடுதானே!