உப்புத் தண்ணீரில் போட்ட தளம்

சிட்லபாக்கத்தில் எங்கள் வீடு எழும்பியபோது வேலையை மேற்பார்வை பார்த்தது என் அண்ணன். சிவில் இன்ஜினியரிங் முடித்திருந்தான். கனடா போக விசாவும் வந்துவிட்டது. கிளம்புவதற்குள் கிரகப்பிரவேசம் முடிந்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டான்.

கூரைத் தளம் போடும் அன்று காலை மேஸ்திரி டிரம்மிலிருந்து தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"போர் தண்ணி ஒரே உப்பா கீது சார். உள்ள கம்பி துரு புடிச்சிக்கும். லாரி தண்ணி வரட்டும், நாளைக்குப் போட்டுக்கலாம்."

"நாளைக்கெல்லாம் முடியாது. படிச்சவன் நான் சொல்றேன், போடுங்க" என்றான் அண்ணன்.

அப்பா பக்கத்தில்தான் நின்றிருந்தார். மேஸ்திரியிடம் 'ஆகட்டும்' என்று கையைக் காட்டினார். மகன்மேல் அவருக்கு அவ்வளவு பெருமை.

அப்பா இறந்தபின் அந்த வீட்டில் அம்மாவும் நானும்தான். கூரையில் விரிசல் விட்டது. பூசினோம், பூசிய இடத்திலேயே மறுபடி விட்டது. போன கார்த்திகையில் ஒரு மதியம், படுத்திருந்த அம்மாவின் தோள்மேல் கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. எலும்பு முறிந்துவிட்டது. அவளைத் தூக்கும்போது மேலே பார்த்தேன். கம்பிகள் துருவேறி ஏடு ஏடாக உரிந்திருந்தன.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் அண்ணன் வீடியோவில் அழைத்தான். அங்கே பனி. தெருவில் உப்புத் தூவிக்கொண்டு போகும் லாரியைக் காட்டினான். உப்பு அரித்த பாலங்களைச் சரிசெய்வதுதான் அவன் வேலை.

"ஐஸ் உருகறதுக்காகப் போடறாங்க. அந்த உப்புத் தண்ணி கான்கிரீட்டுக்குள்ள இறங்கினா போச்சு. கம்பி துருப்பிடிச்சு வீங்கும், மேல இருக்கறத உடைச்சுத் தள்ளிடும்."

"தெரியும்ணா" என்றேன்.

"நம்ம வீட்டுல அந்த மேஸ்திரி சிமெண்ட்டைக் குறைச்சிருப்பான். அந்த ஆளுங்களே அப்படித்தான்."

அன்று மேஸ்திரி சொன்னது வாய்வரை வந்துவிட்டது. அம்மா கட்டுப்போடாத கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "விடு. தூரத்துல தனியா இருக்கான், மனசு ஒடிஞ்சு போயிடும்" என்றாள், அவனுக்குக் கேட்காதபடி. தோள் ஒடிந்தவள் அதைச் சொன்னாள்.

அந்த வீட்டில் இனி குடியிருக்கக் கூடாது என்று வந்து பார்த்த இன்ஜினியர் சொல்லிவிட்டார். இப்போது செம்பாக்கத்தில் வாடகை ஃபிளாட். அம்மாவால் வலது கையைத் தூக்க முடியாது; தலை வாரிவிடுவது நான்தான். பார்க்க வருகிற உறவுக்காரர்களிடம், மேஸ்திரி ஏமாற்றிவிட்டான் என்று அம்மா சொல்கிறாள். அவர்கள் 'உண்மையா?' என்று கேட்பதுபோல் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் தலையாட்டுகிறேன்.