செம்பாறை நாட்டில் அக்கா எடுத்த அனுமதி

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் பிறந்த எங்கள் அக்கா, ஓரிடத்தில் இருந்து தேத்தண்ணி குடித்ததை நான் கண்டதில்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் வீட்டையும் அத்தானையும் இழந்தார். அடுத்த வருடம் அவரை ஜெர்மனிக்குக் கூட்டிவந்தவன், எட்டாம் வகுப்பைத் தாண்டாத இந்தத் தம்பிதான்.

கொலோனுக்கு வெளியே, மூடிப்போன விடுதி ஒன்றில் அகதிகளான எங்களை வைத்திருந்தார்கள். மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்கு அனுமதி எடுக்க வேண்டும். அக்காவால் அதைத்தான் தாங்க முடியவில்லை. சாப்பாட்டு அறைச் சுவர் முழுக்க ஒரு படம் ஒட்டியிருந்தது. அமெரிக்காவில் நவஹோ மக்களின் பாலை நிலம். செந்நிற மணற்பாறைகள் கோபுரம் கோபுரமாய் நிற்கும். ஒரு வேலிகூட இல்லை. அக்கா சோற்றுக் கோப்பையோடு அதன் முன்னால் உலாத்துவார்.

“அக்கா சுவருக்குள்ளால போகப்போறா, பிடியுங்கோ!” என்று எங்களோடு இருந்த பெடியள் பகிடி பண்ணுவார்கள்.

“போவன்தான். அங்க ஒருத்தரும் மறிக்காயினம்.”

“நான் கூட்டிக்கொண்டு போறன்,” என்றேன். நான் சொன்னால் செய்பவன். கோப்பை கழுவத் தொடங்கிச் சமையற்காரனானேன். எண்பத்தொன்பதில் அகதிப் பயணப் பத்திரம் கிடைத்ததும் மற்றவர்கள் லண்டனுக்கு ஓட, நான் அக்காவை அரிசோனாவுக்குக் கொண்டுபோனேன்.

வெயில் ஏற ஏறப் பாறைகள் தணலாய்ச் சிவந்தன. கார் நிற்கமுன்பே அக்கா இறங்கி நடந்தார். வழிகாட்ட வந்த நவஹோப் பெண் ஓடிவந்து மறித்தார். தெருவை விட்டு இறங்க அனுமதி வேண்டுமாம். என் சமையலறை ஆங்கிலத்துக்கு அது விளங்கியது, அக்காவுக்குச் சொன்னேன்.

“இங்கயும் அனுமதியோ? எனக்கு ஏலாது. காரைத் திருப்படா!”

அந்தப் பெண் பாறையடியைக் காட்டினார். அங்கே செம்மறி மேய்ப்பது தன் தாய் என்றார். ஒரு காலத்தில் அமெரிக்க ஆமி தங்கள் சனத்தைத் தூரதேசத்துக்குத் துரத்தியதாம். அவர்கள் நடந்தே திரும்பி வந்தார்களாம்.

“திரும்பி வந்தவையோ? வடிவாக் கேளடா.”

மறுபடியும் கேட்டேன். “ஓம் அக்கா. இது அவையின்ர வீடாம்.”

“அப்ப அனுமதியை எடு. வீட்டுக்காரரைக் கேக்காமல் உள்ளிடுறது முறையில்லை.”

பொழுது சாயும்வரை நடந்தார். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

பிறகு கொலோனிலும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. “அவை திரும்பி வந்தவை” என்று அந்த நவஹோ சனத்தைப் பற்றி வீட்டுக்கு வந்த எல்லாருக்கும் சொன்னார். நாங்கள் எப்போது ஊருக்குப் போவது என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

அக்கா கண்மூடுமுன், கடைசி நாட்களில் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தவரைக் கைபிடித்து நடத்திய தாதியருக்கும், சோறு கொண்டுவந்த அயலவருக்கும், தொலைவிலிருந்து வந்து தோள் கொடுத்த உறவுகளுக்கும் நன்றி. நான் ஒருவருக்கும் இலேசில் தலை குனிபவன் அல்லன். உங்கள் முன் குனிகிறேன்.