பதினோராம் விதியும் பூண்டுலோயா ஓடைக்கரையும்

பயிற்சித் திட்டத்தின் பதினோராம் விதி இது: "நட்ட கன்றுகள் பயிற்சியாளரின் குற்றமின்றி அழிந்தால், பயிற்சிக்காலம் ஆறு மாதம் நீட்டப்படும். அதுவரை அவர் பெயர் இடாப்பில் இருக்கும்; சம்பளமும் உண்டு." இதில் புரியாத சொல் எதுவும் கிடையாது. இருந்தும் பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இடாப்பு என்ற அந்தப் பெயர்ப் பதிவேட்டில் ஆறு பேருடைய பெயர் ஒரே பேனாக் கோட்டில் அடிபட்டது. அந்தத் திட்டத்தின் கிளாக்கர் நான். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற எண்ணமும் எனக்கு இல்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. மழை பெய்தால் தேயிலை மலையின் மண் முழுவதும் ஓடையில் இறங்கும். கரைகளில் மறுபடி காடு வளர்க்க, அரசாங்கம் தோட்டத்து இளைஞர்களைச் சம்பளம் கொடுத்துப் பழக்கியது. ஒரு வருடம் முடித்து, சோதனையில் தேறினால் சான்றிதழ். பிறகு நிரந்தர வேலை.

ஆறு பேரில் கெட்டிக்காரன் ஆறுமுகம். வயது இருபது. கல் வரம்பு கட்டுவான்; மண்ணைப் பிடித்து நிறுத்த மானாப்புல் நடுவான். காட்டு நாவல் விதை எந்த மரத்தடியில் கிடைக்கும் என்று அவனுக்குத்தான் தெரியும். பயிற்சிக்கு வந்ததால் தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் அவன் பெயரை எடுத்துவிட்டார்கள். எந்த இடாப்பிலும் பெயர் இல்லாத ஆம்பிளை தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் தங்கக் கூடாது என்பது தோட்டத்தை நடத்தும் பெரிய துரையின் உத்தரவு. இலங்கைப் பிரஜாவுரிமை மறுக்கப்பட்ட குடும்பம் வேறு. ஆக, அவன் படுத்து எழும்ப இடம் தந்தது எங்கள் இடாப்பில் இருந்த ஒரு வரிதான்.

1. சுத்தம்

சோதனைக்கு நான்கு நாள் இருக்கும்போது ஆறுமுகம் நான் உட்கார்ந்து எழுதும் கந்தோரின் வாசலில் வந்து நின்றான்.

"ஐயா, கரைய மொட்டையடிச்சுப்புட்டாங்க. கன்னு, மானாப்புல்லு எல்லாத்தையும் சொரண்டிட்டாங்கய்யா."

"யாரு?"

"புல்லு வெட்டுற ஆளுங்க. எங்கம்மாவும் அதுல இருந்துச்சு."

தோட்டத்தைப் பார்வையிட விசிட்டிங் ஏஜண்ட் வருவதாக இருந்தது. வெறும் மண் தெரிந்தால்தான் தோட்டம் சுத்தம் என்பது துரைமாரின் வேதம். மலையில் வேலை வாங்கும் கண்டாக்கு, துரையின் உத்தரவுப்படி, பெண்களைப் புல் செதுக்கும் சுரண்டியோடு ஓடைக்கரையில் இறக்கிவிட்டார். ஆறுமுகத்தின் அம்மா பேச்சாயியிடம் கேட்டேன்.

"கண்டாக்கையா முதுகுக்குப் பின்னாலயே நின்னாருங்க. ஒரு புல்லு நின்னாலும் அரைப் பேருதான்னாரு. எம்மவன் நட்டதுங்கன்னேன். 'புல்லு நடுறதுக்கா ஒம்மவன் பள்ளிக்கொடம் போனான்'னு சிரிக்கிறாரு."

அரைப் பேர் என்றால் அன்றைக்கு அரைநாள் சம்பளம்.

கண்டாக்கு எதையும் மறைக்கவில்லை. "இது தேயிலைத் தோட்டமுங்க, கிளாக்கரய்யா. காடு வேணும்னா அந்தப் பக்கத்து மலையில கெடக்கு. போய்ப் பாத்துக்கங்க."

2. சோதனை

சோதனை அதிகாரி சப்பாத்தில் மண் ஒட்டாதபடி ரோட்டிலேயே நின்றார்.

"கன்னு எங்கே?"

"தோட்டத்தில சுரண்டிட்டாங்க, சேர். பதினோராம் விதிப்படி..."

"நான் கன்னு எண்ண வந்தேன், கிளாக்கர். சட்டம் படிக்க வரல்ல."

எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாததால் வேலை சீக்கிரம் முடிந்தது. ஆறு பேரும் தேறவில்லை என்று ஜீப்பின் பானட்டில் வைத்து எழுதினார். இடாப்பைக் கேட்டு வாங்கி, பெயர்களையும் அங்கேயே அடித்தார்.

3. முறைப்படி

அன்றே மேன்முறையீடு எழுதினேன். விதி, துணைவிதி, சாட்சி எல்லாம் சேர்த்த, குறை சொல்ல முடியாத கடிதம். ஆறுமுகம் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"காலையில கண்டிக்கு பஸ் இருக்குங்கய்யா. பெரிய கந்தோருக்கு நேராப் போயிருவோம். அம்மாவும் வர்றேங்குது. நான்தான் சொரண்டுனேன்னு அதுவே சொல்லுமாம்."

"அப்படிப் போக முடியாது. தோட்டத்து ஆளுங்க விசயம் எல்லாம் பெரிய துரை மூலமாத்தான் அனுப்பணும்."

"அவருதானுங்களே சொரண்டச் சொன்னது?"

"முறைன்னா முறைதான்."

இந்தப் பதிலைச் சொன்னவன் நான். குற்றம் செய்தவர் கையிலேயே முறைப்பாட்டை இரண்டு பிரதிகளோடு கொடுத்துவிட்டு, பெற்றதற்குக் கைச்சாத்தும் வாங்கிக்கொண்டு வந்தேன். அது துரையின் மேசையில் கிடந்தது. நினைவூட்டல் எழுதினேன், அதையும் துரை மூலமாகவே அனுப்பினேன். மூன்றாவது நினைவூட்டலின்போது துரையின் கிளாக்கர், "ஒங்களுக்கு வேற வேலையே இல்லையா, சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

லயத்தை விட்டுப் போகச் சொல்லும் எழுத்து மட்டும் ஆறுமுகத்துக்கு உடனே வந்தது. சில வாரம் பக்கத்துத் தோட்டத்தில் மாமா வீட்டில் ஒளிந்திருந்தான். அங்கும் ஒரு கண்டாக்கு இருந்தார்; எந்த இடாப்பில் பெயர் என்று கேட்டார். இந்தியாவில் ஒரு சித்தப்பா இருக்கிறார் என்றார்கள். அவரை அவன் பார்த்ததே இல்லை. டிசம்பர் கடைசியில் தலவாக்கலையில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பலேறினான். பேச்சாயி அன்றும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று, சுரண்டியோடு மலைக்குப் போனாள்.

புதிதாகக் கந்தோருக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விதி நம் பக்கம் இருந்தால், அதை எதிராளி கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். பஸ்ஸில் ஏறுங்கள். ஏறியிருந்தால் எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கும். ஆறுமுகம் கரையில் கன்று நட்டுக்கொண்டிருந்திருப்பான்.

ஒருநாள் துரை அந்தக் கடிதக் கட்டைக் கண்டிக்கு அனுப்பிவைத்தார். கண்டியிலிருந்து பதில் இரண்டே வரி: "பதினோராம் விதி பொருந்தும். ஆறு பேரையும் உடனே இடாப்பில் சேர்க்கவும்." பெற்றுக்கொண்டதாக நான் முத்திரை குத்திய தேதி, பெப்ரவரி பத்தொன்பது.