விடியலில் திணறிய மீன்கள்

வெயில் ஏறியதும் பாசிச் செடியின் இலைகளில் சின்னக் குமிழ்கள் முளைத்து, ஒவ்வொன்றாய்க் கழன்று மேலே போகும். கடலோர ஊரான வங்காலையில் எங்கள் வீட்டுச் சீமெந்துத் தொட்டியின் விளிம்பில் கன்னத்தை வைத்து மச்சாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. என் கணவரின் தங்கை அவள், என் வயதுதான். தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, முப்பது வயதில் முதன்முதலாகச் சொந்த ஊரைக் கண்டவள். வந்ததும் அலங்கார மீன் வளர்க்கத் தொடங்கினாள். "கறிக்கு ஆகாத மீனை வளர்க்க வங்காலையில உன்னை விட்டா ஆளில்லை," என்று கடலுக்குப் போகும் என் கணவர் சிரிப்பார். அவளுக்கோ அதுதான் சொந்தமாகத் தொடங்கிய முதல் தொழில்.

செடி தொட்டியை நிறைத்து வளர்ந்தது. காற்றே இல்லாத புழுக்கமான ஒரு விடியற்காலையில் போய்ப் பார்த்தால், மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து திணறின. இரண்டு செத்து மிதந்தன. மூச்சுவிட ஒட்சிசன் போதவில்லையாக்கும், செடி கூடினால் அதுவும் கூடும் என்று நினைத்து, அன்று பின்னேரமே குளத்திலிருந்து இன்னும் ஒரு கட்டுப் பாசி கொண்டுவந்து போட்டேன். மறுநாள் விடிய ஐந்து செத்துக் கிடந்தன.

மச்சாள் செத்ததுகளை எடுத்து எறிந்தாள். மத்தியானம் வரைக்கும் தொட்டியடியிலேயே குந்தியிருந்து மற்ற மீன்களைப் பார்த்தாள். பிறகு திடீரென்று எழும்பினாள்.

"இப்ப நல்லாத்தானே சுத்துது? விடியும்போதுதானே திணறுது? ராத்திரி வெயில் இல்ல, செடி காத்து குடுக்காது. ஆனா அதுக்கும் மூச்சு வேணும்ல, அண்ணி?"

பள்ளிக்கூடத்தில் நானும் படித்ததுதான். செடி இரவு பகலாகச் சுவாசிக்கிறது. பகலில் எடுப்பதைவிட அதிகம் தருவதால் நாங்கள் அதைக் கவனிப்பதில்லை. சோதனையில் சரியாக எழுதிவிட்டு மறந்துபோயிருந்தேன். அவள் மீன்களைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

இருவருமாகத் தொட்டிக்குள் இறங்கிப் பாதிக்கு மேல் செடியைப் பிடுங்கி எறிந்தோம். வாளியால் தண்ணீரை அள்ளித் தோளுயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றினோம், காற்றுக் கலக்கட்டும் என்று. பொழுதுபடும்போது மீன்களைவிட நாங்கள்தான் அதிகம் நனைந்திருந்தோம். அடுத்த விடியலில் அவள் போட்ட சத்தத்துக்கு அயல்வீடுகளே எழும்பின. ஒரு மீன்கூட மேலே வரவில்லை. எல்லாம் அடியில் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன.

இப்போது அவளுக்கு உப்புக்குளம் பகுதியில் சின்னதொரு அலங்கார மீன்கடை இருக்கிறது. போன கிழமை நான் போனபோது, ஒரு அம்மா நாலு கட்டுப் பாசி கேட்டு நின்றார். மச்சாள் ஒரு கட்டை மட்டும் எடுத்து நீட்டினாள்.

"என்ன பிள்ளை, விக்க மாட்டன் எண்டு நிக்கிறா?" என்று அந்த அம்மா என்னிடம் முறையிட்டார்.

"ஓம் அம்மா, அவ அப்பிடித்தான்," என்றேன், சிரிப்பை அடக்க முடியாமல்.